இனிப்புநீர் உள்ள பெண் பிள்ளைகளிடம் கருத்தடை பற்றியும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு பதிப்பில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. பாகற்காய், வெந்தயம், கால் புண், கண் பரிசோதனை எல்லாம் இருந்தது. தட்டில் சோறு எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்று படமும் போட்டிருந்தீர்கள். நல்ல பக்கம். வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதில் வந்தவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பதினாறு, பதினேழு வயதில் இந்த நோயோடு பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைக்கு ஒரு வரி கூட இல்லை. அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினார். நான் அரசாங்கத் தாதியாக 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் தாய்சேய் நலப் பிரிவில். பசார் மாலாமில், இரவுச் சந்தையில், என்னைப் பார்த்தால் இன்னமும் தாதியைக் கூப்பிடுகிற மாதிரி “மிஸ்ஸி” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் தங்கை மகளுக்குப் பதினோரு வயதில் முதல் வகை இனிப்புநீர், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகிற வகை, வந்தது. ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் தண்ணீர் பாட்டிலை மூன்று முறை நிரப்பிக் குடித்தாள், ராத்திரியில் பாயை நனைத்தாள், சட்டை தொளதொளத்துப் போனது. வெயில் காலம் என்று நினைத்தோம். ஒரு விடியற்காலையில் மூச்சு இழுத்து இழுத்து வாங்கினாள், வாயில் அழுகிய பழ வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும், சீனி முற்றி இரத்தம் அமிலமாகும்போது வருவது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி. தானாகவே போட்டுக்கொள்கிறாள்.

போன வருடம் அவளுக்கு 16. விலக்கு இரண்டு மாதம் தள்ளிப் போய்விட்டது. என் தங்கை மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலக்கு வரவைக்கும் என்று எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருண்டை பிடித்து, காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று கொடுத்தாள். கைப்பேசியைப் பிடுங்கிக் கொண்டுபோய் சாமி அறை அலமாரியில் பூட்டினாள். இனிப்புநீர் உள்ள பிள்ளைக்குக் கருப்பட்டி! நான்காம் நாள் மீட்டரில் சீனி 24 மில்லிமோல் காட்டியது, ரொம்ப அதிகம். ஐந்தாம் நாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள். “பெரியம்மா, அம்மா என்னைச் சந்தேகப்படுறாங்க” என்றாள்.

பரிசோதித்துப் பார்த்தோம். கர்ப்பம் இல்லை. மாதக்கணக்கில் சீனி ஏறிக் கிடந்ததால் விலக்கு தள்ளியிருந்தது. சீனி கட்டுக்குள் இல்லாத பிள்ளைகளுக்கு இது நடப்பதுதான். இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு சரியாகிவிட்டது.

அன்று ராத்திரி என்னோடு படுத்திருந்தபோது அவள் கேட்டதை நான் மறக்க மாட்டேன். “எனக்கெல்லாம் புள்ளையே பொறக்காதாமே பெரியம்மா, அப்புறம் அம்மா எதுக்குப் பயப்படுறாங்க?”

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் அவள் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார். இவளும் மூன்று வருடமாக அதை நம்பிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

ஆசிரியர் அவர்களே, இது எவ்வளவு ஆபத்தான பொய் என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறக்காது என்று நம்புகிற பெண், கருத்தடை தனக்குத் தேவையில்லை என்றுதானே நினைப்பாள்? இனிப்புநீர் இருந்தாலும் கரு தரிக்கும். இரண்டாம் வகை, அதாவது இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை, உள்ள பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் விலக்கு வரும், சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குச் சீனிக்கான மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்தால் சினைமுட்டை மறுபடி ஒழுங்காக வர ஆரம்பிக்கலாம். ‘விலக்கே சரியாக வருவதில்லை, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று இருப்பவள் அந்த மாதம் கர்ப்பமாகலாம். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது இதையும் யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிற வீடுகளில் வளரும் பெண் பிள்ளைகள் இவர்கள்.

‘அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்த ஒன்றைச் சொல்லி எழுதுகிறேன். நான் வேலையில் இருந்த காலம். பக்கத்துத் தோட்டத்துப் பெண், 18 முடிந்து நான்கு மாதத்தில் கோயிலில் தாலி கட்டினார்கள். முதல் வகை இனிப்புநீர். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று அவள் அம்மாவே மறைத்துவிட்டார். இன்சுலினை மைலோ டின்னுக்குள் போட்டுத் துணிப் பெட்டியில் ஒளித்து வைத்தாள் அந்தப் பெண். அந்தச் சூட்டில் மருந்து என்ன ஆகும்? மாமியார் வீட்டில் இருப்பார் என்பதால் மத்தியான ஊசியை விட்டுவிட்டாள். இரண்டாம் மாதமே கர்ப்பம். எங்களிடம் பதிவுக்கு வந்தபோது பத்து வாரம் ஆகியிருந்தது. எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சீனியின் சராசரி, 12க்கு மேல் இருந்தது.

அவளை எல்லாரும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். பெரிய மருத்துவர், உணவு ஆலோசகர், நாங்கள், யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் குழந்தையின் இதயம் அதற்கு முன்பே உருவாகி முடிந்திருந்தது. குறையோடு பிறந்து இரண்டாம் நாள் இறந்துபோனது. துணியில் சுற்றி அதன் அப்பன் கையில் கொடுத்தவள் நான்.

வயிற்றில் குழந்தையின் மூளை, தண்டுவடம், இதயம் எல்லாம் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன. மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் மூடுவது கருத்தரித்து ஏறக்குறைய 28ஆம் நாள். அந்த நாளில் பல பெண்களுக்கு விலக்கு தள்ளிப்போனது கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று குழந்தைகள் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கும். கருத்தரிக்கும் நேரத்தில் அம்மாவின் சீனி ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். கட்டுப்பாடு நன்றாக இருந்தால் மற்றவர்களுக்கு உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால்தான் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிக்கச் சொல்கிறார்கள். 10க்கு மேல் இருந்தால் அந்த நேரத்தில் கர்ப்பமே வேண்டாம் என்கிறார்கள். ஃபோலிக் அமிலம் மற்றப் பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் போதும். இவர்களுக்கு 5 மில்லிகிராம், அதுவும் கரு தரிப்பதற்கு முன்பிருந்தே. சிறுநீரகத்துக்காகக் கொடுக்கிற எனாலாப்ரில், பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரைகளையும் கொழுப்பு மாத்திரைகளையும் முன்கூட்டியே மருத்துவர் மாற்றிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கும் ஆபத்து உண்டு. கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் கர்ப்பத்தில் அது மோசமாகலாம். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம்.

இவ்வளவையும் கர்ப்பம் ஆனதற்குப் பிறகு செய்ய முடியாது. முன்பே செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவதுதான் கருத்தடை. என் வாசகச் சகோதரிகள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். கருத்தடை என்றதும் பிள்ளை வேண்டாம் என்பவளுக்கானது என்று நினைக்கிறோம். இனிப்புநீர் உள்ள பெண்ணுக்கு அது நல்ல பிள்ளை பெறுவதற்கான ஏற்பாடு.

மைலோ டின்னில் இன்சுலினை ஒளித்த அந்தத் தோட்டத்துப் பெண்ணே அதற்குச் சாட்சி. குழந்தையைப் பறிகொடுத்த பிறகு, அடுத்த மாதமே மாமியார் மறுபடி பிள்ளை கேட்க ஆரம்பித்தார். இந்த முறை அவள் ஒளிக்கவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் இம்பிளாண்ட் என்ற கருத்தடைக் குச்சியை வைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்து எச்பிஏ1சியை 6.4க்குக் கொண்டு வந்தாள். ஃபோலிக் மாத்திரையை ஆரம்பித்தாள், அப்புறம் இம்பிளாண்டை எடுக்கச் சொன்னாள். பிறந்தது பெண் குழந்தை. இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறது, தைப்பூசத்தில் பார்த்தேன், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஐஸ் கச்சாங் கேட்டது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ‘இனிப்புநீர் இருந்தால் கருத்தடை மருந்து எதுவும் ஆகாது’ என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதுவும் தவறு. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு முறையையும் நான்கு படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் படி என்றால் தடையே இல்லை, இரண்டாவது என்றால் நன்மைதான் அதிகம், மூன்றாவது என்றால் பொதுவாக வேண்டாம், நான்காவது என்றால் கூடவே கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் எதிலும் பாதிப்பு வராத இளம்பெண்ணுக்கு எல்லா முறைகளுமே முதல் படியிலோ இரண்டாம் படியிலோதான் இருக்கின்றன. வயது குறைவு என்பதற்காக மட்டும் எதையும் மறுக்கச் சொல்லவில்லை.

இம்பிளாண்ட் தீக்குச்சி நீளத்தில் இருக்கும். மேல்கையில் தோலுக்கு அடியில் வைப்பார்கள், மூன்று வருடம் இருக்கும். ஆயிரம் பெண்களில் ஒரு வருடத்தில் ஒருவருக்குத் தவறினாலே அதிகம். நாளுக்கு நான்கு ஊசி, விரலைக் குத்தி இரத்தம் பார்ப்பது, சாப்பாட்டைக் கணக்குப் போடுவது என்று ஏற்கெனவே எத்தனையோ வேலைகளை மண்டையில் சுமக்கும் பிள்ளைக்கு, நினைவு வைக்க இன்னொன்று இல்லாதது பெரிய ஆறுதல். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் வைக்கக் கூடாது. இரத்தப்போக்கு ஒழுங்கில்லாமல் வரலாம். மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியும். நம் வீட்டில் அப்படியில்லை. விளக்கேற்றலாமா, கோயிலுக்குப் போகலாமா, பால்குடம் எடுக்க முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். முன்கூட்டியே சொல்லாததால் ஆறே மாதத்தில் வந்து ‘எடுத்துவிடுங்கள் மிஸ்ஸி’ என்று அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லி வைத்தால் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் வேறு முறைக்கு மாறுகிறார்கள்.

கருப்பைக்குள் வைக்கிற காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. சீனியை அது தொடுவதில்லை. பாதிப்பு வந்த பெண்ணுக்குக் கூட முதல் படியில் இருப்பது அதுதான். இனிப்புநீர்க்காரிக்கு அதை வைத்தால் கிருமி பிடித்துவிடும் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை. விலக்கு கொஞ்சம் அதிகமாகப் போகும், வலியும் கூடலாம். இரத்தச் சோகை உள்ள பிள்ளைக்கு அதை யோசிக்க வேண்டும். ஹார்மோன் உள்ள கருப்பை வளையத்தில் நேர்மாறாக இரத்தப்போக்கு குறையும்.

கருத்தடை மாத்திரையைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் தவறாமல் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். நடப்பில் நூறு பேரில் ஏழு பேருக்கு ஒரு வருடத்தில் தவறிவிடுகிறது. வழக்கமான மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. இரத்த அழுத்தம் இருந்தாலோ, சிறுநீரில் புரதம் போனாலோ, கண்ணில் பாதிப்பு இருந்தாலோ அது கூடாது. அதனால் தோழியிடம் வாங்கிப் போடுகிற பொருள் அல்ல அது. இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் பார்த்து, கண் படம் எடுத்த பிறகு மருத்துவர் கொடுக்க வேண்டும். ஆரம்பித்த முதல் சில வாரம் மீட்டரை அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். மாத்திரையால் இனிப்புநீர் வராது, மலட்டுத்தன்மையும் வராது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிரபலம், யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதால். ஆனால் எலும்பு வளரும் வயதில் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும், எடையும் கூடலாம். இரண்டாம் வகை இனிப்புநீரோடு எடையைக் குறைக்கப் போராடுகிற பிள்ளைக்கு நான் முதலில் அதைச் சொல்ல மாட்டேன். கண்ணோ சிறுநீரகமோ பாதித்தவளுக்கு அது மூன்றாம் படி.

ஆணுறை ஒன்றுதான் உடலுறவில் பரவும் தொற்றுநோயையும் தடுக்கும். கர்ப்பத்துக்கு அதை மட்டும் நம்பினால் நூறில் பதின்மூன்று பேருக்குத் தவறுகிறது, ஆகவே இன்னொரு முறையோடு சேர்த்து. தவறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை இருக்கிறது. இனிப்புநீர் அதற்குத் தடையில்லை. எள்ளுருண்டையும் பப்பாளிக்காயும் எதற்கும் பதிலாகாது.

இதையெல்லாம் பிள்ளை எங்கே போய்க் கேட்பாள்? நான் வேலை செய்த காலத்தில் ஒரு அரசாங்கக் கிளினிக்கில் நடந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை, இன்சுலின் எடுக்கிறவள், தனியாக வந்து முகப்பில் மெல்லக் கேட்டாள். அங்கே இருந்தவர் “சூடா காவின்?” என்று வரிசைக்கே கேட்கும்படி திருப்பிக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று. வரிசையில் அவள் தெருவைச் சேர்ந்த இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன், மோட்டார் நிறுத்துமிடம் வரைக்கும். அதற்குள் போய்விட்டாள். அதன் பிறகு இனிப்புநீர்ச் சிகிச்சைக்கே அவள் பல மாதம் வரவில்லை. முகப்பில் இருப்பவர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேசினால் பிள்ளை கெட்டுப் போய்விடும் என்ற பயம் தாய்மார்களுக்கு இருக்கிறது. அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன், நானும் இரண்டு பெண்ணைப் பெற்றவள். ஆனால் 2010இல் பள்ளிகளில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசி வந்தபோது, இதே பயத்தோடு என்னிடம் வந்த அம்மாக்கள் உண்டு. ‘இந்த வயசுல எதுக்கு மிஸ்ஸி இந்த ஊசி?’ என்று. இன்று அவர்களே பேத்திக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். சட்டத்தையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணோடு ஓர் ஆண் உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் நம் நாட்டில் அது பாலியல் வல்லுறவுக் குற்றம். தன்னை ஒருவன் வற்புறுத்தினால் அதை யாரிடம் சொல்வது என்பதும் இந்தப் பேச்சுக்குள்தான் வர வேண்டும். பேச்சே இல்லாத வீட்டில் அதையும் சொல்ல மாட்டாள்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துத் தாதியியல் பேராசிரியர் டெனிஸ் சாரன்-புரோக்கோவ்னிக் இனிப்புநீர் உள்ள பதின்ம வயதுப் பெண்களுக்காகவே ‘ரெடி கேர்ள்ஸ்’ என்றொரு கல்வித் திட்டத்தை உருவாக்கினார். திட்டமிடாத கர்ப்பம் என்ன செய்யும், அதை எப்படித் தள்ளிப் போடுவது, ஆரோக்கியமான பிள்ளையை எப்படிப் பெறுவது என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுப்பது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இந்த ஆலோசனையைப் பெண் வயதுக்கு வரும் காலத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சடங்கு செய்து, பட்டுச் சேலை கட்டி, மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டுகிறோம். அந்த வயதுதான் இந்தப் பேச்சுக்கான வயதும்.

கிளினிக்குகளில் இருக்கும் என் பழைய தோழிகளுக்கும் இப்போது வந்திருக்கும் இளம் தாதியருக்கும் ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளை சீனிப் பரிசோதனைக்கு வரும்போது, அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். ‘உனக்குப் பிள்ளை பிறக்கும், தெரியுமா?’ என்று முதலில் சொல்லுங்கள். மற்றதை அவளே கேட்பாள். ஆசிரியர் அவர்களிடமும் கேட்கிறேன். இதைப் பற்றித் தமிழில் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு தாள் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் ஞாயிறு பக்கத்தில் ஒரு மருத்துவரை வைத்து எழுதச் சொல்லுங்கள், பாகற்காய்க்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

என் தங்கை இப்போது மாறியிருக்கிறாள். ஒரே நாளில் இல்லை. மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள். அடுத்த மாதம் ஈப்போவில் பிள்ளைக்குக் கிளினிக் இருக்கிறது. அவள் தனியாக உள்ளே போவாள், நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் இருப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அனுப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். எள்ளுருண்டைக் கதையை எடுத்துவிடச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து திரும்பி வந்து, “இருக்கட்டும் பெரியம்மா, பேரு மட்டும் போடாதீங்க” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்